பாயோடு வரும் பாசம்

இளவேனில் பிறந்ததும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி மாடிகளில் வடகமும் மாங்காய்த் துண்டுகளும் காயத் தொடங்கிவிடும். அவற்றில் ஒரு பங்கு தொலைவிலுள்ள தோழியருக்கு உரியது. ஊறுகாய் ஜாடியோடு இரவு இரயிலில் நெல்லை செல்பவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அல்வாவும், சில வேளை பத்தமடைப் பாயும் உடன் வரும்.

அப்பாயின் அருமையைப் பலரும் அறியார். சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில் முஸ்லிம் குடும்பத்தார் தலைமுறைகளாக அதனை நெய்து வருகின்றனர். கோரையைக் கீறி, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திப் பருத்தி நூற்பாவில் கோக்கின்றனர். மிக நுண்ணிய பாய் ஒன்றுக்குப் பல வாரங்கள் செல்லும். மடித்தால் துணிபோல் அடங்கும். திருமணப் பாயில் மணமக்கள் பெயரும் இடம்பெறும். 1953ஆம் ஆண்டு முடிசூடிய இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்துக்கும் இப்பாய் பரிசாகச் சென்றது.

இன்றோ மலிவான பிளாஸ்டிக் பாய்கள் சந்தையை நிறைத்துவிட்டன. உழைப்புக்கேற்ற ஊதியமின்றி இளையோர் தறியை விட்டு விலகுகின்றனர்.

அன்பளிப்பு வாங்க எண்ணும் சகோதரிகளே, சற்றே சிந்தியுங்கள்! கடையில் பளபளக்கும் பொருளைவிட, ஒரு பெண்ணின் விரல்கள் வாரக்கணக்கில் உழைத்து உருவாக்கிய பாய் உயர்ந்ததன்றோ? அதனை வாங்கினால் இரண்டு இல்லங்கள் மகிழும்: ஒன்று தோழியின் இல்லம், மற்றது நெய்தவளின் இல்லம்.