அரிவாளுக்குக் கறுப்பு ஏத்த விஷம் எதுக்கு?



ஆயுத பூஜை கிட்ட வந்துட்டா ஊர்ல எல்லா வீட்லயும் மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, அரிவாள் எல்லாம் வெளிய வந்துடும். தேங்கா நாரும் செங்கல் தூளும் வச்சுத் தேய்க்கிறது பழைய வழக்கம். இப்ப பசங்களுக்குப் புதுசா ஒரு ஆசை. யூட்யூப்ல பாத்துட்டு, துப்பாக்கிக்குப் பூசுற 'கன் ப்ளூ' மருந்தை வாங்கி அரிவாளுக்குப் பூசலாமான்னு கேக்கறாங்க. நெருப்பு வேணாம், உலை வேணாம். துணியில தொட்டுத் தடவினா கொஞ்ச நேரத்துல இரும்பு கருநீலமா மாறிடுது. பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா விவசாயி வீட்டுக்குள்ள அந்த பாட்டில் வரவே கூடாதுங்கறது என் கருத்து.

முதல்ல அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். பெரும்பாலும் செலினியம் சேர்ந்த அமிலம், மயில்துத்தம், இன்னும் கொஞ்சம் அமிலம். இரும்பு மேல பட்டதும் செம்பும் செலினியமும் சேர்ந்து கறுப்பா மெல்லிசா ஒரு படலம் படியும். அவ்வளவுதான். மயில்துத்தம் நமக்குத் தெரிஞ்சதுதான், போர்டோ கலவைக்குப் போடறோம். செலினிய அமிலம் அப்படி இல்ல. தோல் வழியாவும் உடம்புக்குள்ள போகும். கொஞ்சம் வாயில போனாலே உயிருக்கு ஆபத்து. அந்த விஷத்தை முறிக்கத் தனியா மாத்து மருந்தும் கிடையாது.

கையுறை போட்டுக்கிட்டா போச்சுன்னு சொல்வீங்க. பூசறவன் கைக்கு அது சரி. மிச்சம் இருக்கற மருந்தை எங்க வைப்பீங்க? பூச்சி மருந்தையே கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி மாட்டுக் கொட்டாய் எறவானத்துல சொருவி வைக்கிற ஊர் நம்ம ஊர். சின்னப் பிள்ளைங்க ஓடி விளையாடற வீடு. கழுவின தண்ணியை எங்க ஊத்துவீங்க? கிணத்து மேட்டுலதானே? அங்கதான் மாடு தண்ணி குடிக்குது. செலினியம் மாட்டுக்கும் விஷம். அந்த அரிவாள்லயேதான் புல்லு அறுக்கறோம், கீரையும் அறுக்கறோம்.

இவ்வளவு ஆபத்தையும் தாங்கிக்கிட்டா துரு வராம இருக்குமா? இருக்காது. அந்த மருந்து, துப்பாக்கியில கீறல் விழுந்த இடத்தைக் கறுப்பாக்கி ஒப்பேத்த வந்தது. புதுத் துப்பாக்கிக்கு வேற முறை இருக்கு. காரமும் வெடியுப்பும் கலந்த கரைசலைக் கிட்டத்தட்ட 140 டிகிரிக்குச் சூடாக்கி அதுல முக்குவாங்க. அதுவும் வீட்ல செய்யற வேலை இல்ல. எந்தக் கறுப்பா இருந்தாலும் அதுக்கு மேல எண்ணெய் தடவினாத்தான் துருவைத் தடுக்கும். எண்ணெயைப் பிடிச்சு வைக்கிறதுதான் கறுப்போட வேலை. அப்புறம், தினமும் மண்ணுல போற மண்வெட்டி இலையைப் பாருங்க, வெள்ளி மாதிரி தேய்ஞ்சு மினுக்கும். ஒரு வாரம் வரப்பு கழிச்சா எந்த நீலமும் அதுல நிக்காது.

சரி, கறுப்புதான் வேணும்னா நம்மகிட்டயே வழி இருக்கு. கடுக்காய். நம்ம ஜவ்வாது மலையில விளையறது. தோல் பதனிடறதுக்கு அந்தக் காலத்துலேருந்து போறது. அதுல இருக்கற துவர்ப்பு துருவோட சேர்ந்தா நீலம் கலந்த கறுப்பா மாறும். காளஹஸ்தியில கலம்காரித் துணி எழுதறவங்க, துருப்பிடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் தண்ணியில பல நாள் ஊறப்போட்டுத்தான் கறுப்பு மை எடுக்கறாங்க. கடுக்காயில முக்கி எடுத்த துணி மேல அந்த மை பட்டதும் கறுக்குது. துணியில நடக்கறது இரும்பு மேலயும் நடக்கும்.

செய்யறது சுலபம். திருவண்ணாமலையில நாட்டு மருந்துக் கடையில கேட்டா கடுக்காய் குடுப்பாங்க. ஒரு 10 காயைத் தட்டிக் கொட்டையை எடுத்துட்டு, தோலை 1 லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறப்போடுங்க. காலையில பாதியா சுண்டற வரைக்கும் காய்ச்சுங்க. இரும்புச் சட்டி மட்டும் வேணாம், சட்டியே கறுத்துடும். அரிவாள்ல பொரிஞ்சு உதிர்ற துருவை உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு எடுங்க. இறுகிப் பிடிச்ச துரு இருந்தா இருக்கட்டும், அதுலதான் நல்லாப் பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு போக சீயக்காயோ சோப்போ போட்டுக் கழுவிக் காய வைங்க. கஷாயத்தைச் சூடா ரெண்டு மூணு தடவை தடவி, ஒவ்வொரு தடவையும் காய விடுங்க. கடைசியில விளக்கெண்ணெய் தொட்டுத் துடைச்சுடுங்க. வேலை முடிஞ்சது. மிச்சக் கஷாயத்தால யாருக்கும் கேடு இல்ல.

இன்னொரு விஷயமும் சொல்லணும். சிலர் அரிவாளை அடுப்புல காட்டிப் பழுக்க வச்சு எண்ணெய்ல முக்கறாங்க. கடப்பாரைத் தண்டுக்கும் மண்வெட்டிக் காதுக்கும் அது ஆகும். வெட்டுற வாய்க்கு ஆகாது. இரும்பு நீலம் பாயற சூடு ஏறக்குறைய 300 டிகிரி. அதுக்குள்ள ஆசாரி வச்ச தோய்ச்சல் இறங்கிடும். அப்புறம் எவ்வளவு சாணை பிடிச்சாலும் கூர் நிக்காது. அந்த வேலையைப் பட்டறையில குடுங்க. சந்தையில தகட்டு அரிவாள் மலிவா வந்ததுலேருந்து ஊருக்கு ஊர் உலை அணைஞ்சுக்கிட்டு வருது. கன் ப்ளூ பாட்டிலுக்குக் குடுக்கற காசை, இருக்கற ஆசாரிகிட்ட குடுத்து அரிவாளைக் காய்ச்சி அடிச்சு வாங்குங்க. அரிவாளுக்கு ஆயுசு கூடும், அவர் அடுப்பும் எரியும்.

நிஜமா துரு எங்கேருந்து வருதுன்னு பாத்தா, நம்ம சோம்பேறித்தனத்துலேருந்துதான். சேறோட மூலையில சாத்தறோம். பொட்டாஷ் மூட்டை மேல சாய்ச்சு வைக்கிறோம், அது உப்பு, இரும்பைத் தின்னும். பூஜையில வச்ச சந்தனம் குங்குமத்தைத் துடைக்காம விட்டா அந்த இடத்துல துருப் புள்ளி விழும். பூஜை முடிஞ்ச கையோட ஐப்பசி கார்த்திகை மழை ஆரம்பிச்சுடும். வருஷத்துக்கு ஒருக்கா எல்லா ஆயுதத்தையும் எடுத்துத் துடைக்கிற நாளை, சரியா மழைக்கு முன்னாடி வச்சிருக்காங்க பெரியவங்க. அந்த ஒரு நாள் வேலையை ஒழுங்கா செஞ்சு, சாயந்திரம் ஒரு எண்ணெய்த் துணியால எல்லாத்தையும் ஒரு இழுப்பு இழுத்து வச்சாலே போதும்.