ஊசி ட்ராலி நகரும்போது கூப்பிடாதீர்கள்

அரசு மருத்துவமனைச் செவிலியராக எனக்கு இது 19ஆவது ஆண்டு. நைட் டியூட்டியில் நள்ளிரவைக்கூடச் சமாளித்துவிடலாம். நான் பயப்படுவது காலை ஆறரை மணிக்குத்தான். இரவெல்லாம் நின்ற கால்கள், டீ மட்டும் இறங்கிய வயிறு. அந்த நேரத்தில்தான் ஊசி ட்ராலியைத் தள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் அப்படியொரு காலை. ஒரு அம்மாவுக்கு இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்தேன். "சிஸ்டர், ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சா?" என்றார் ஒருவர். வார்டு போன் அடித்தது. யாரோ கேஸ் ஷீட் கேட்டு வந்து நின்றார்கள். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இன்சுலின் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. நான் 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்திருந்தேன். போட்டிருந்தால் 10 யூனிட்டுக்குப் பதில் 25 யூனிட் உள்ளே போயிருக்கும். கூட இருந்த பயிற்சி மாணவி கவனித்து என் கையைப் பிடித்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு மறக்கவில்லை.

நன்றாகத் தூங்குங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று எங்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள். தவறில்லை, நானும் டியூட்டிக்கு முன் மதியம் கட்டாயம் தூங்குகிறேன். ஆனால் எவ்வளவு தூங்கி வந்தாலும், ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் கூப்பிட்டால் கவனம் சிதறத்தான் செய்யும். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே இருந்து கவனித்தார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறுகள் சுமார் 12 சதவீதம் கூடின என்கிறது 2010இல் வெளியான அந்த ஆய்வு. மருந்து கொடுக்கும்போது 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதிய மேலங்கியைச் செவிலியர்கள் போட்டுக்கொள்ளும் மருத்துவமனைகள் வெளிநாடுகளில் உண்டு.

மேலங்கி இருக்கட்டும். ட்ராலி நகரும் அந்த ஒரு மணி நேரமாவது போனை எடுக்கவும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் வார்டில் இன்னொரு செவிலியர் வேண்டும். தனி ஆளாக வார்டைப் பார்ப்பவரிடம் கவனத்தைப் பற்றி வகுப்பெடுப்பது நியாயமில்லை. நிர்வாகத்திடம் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

நோயாளியோடு இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். டிஸ்சார்ஜ் எப்போது, ரிப்போர்ட் வந்ததா என்பதையெல்லாம் ஏழரைக்கு மேல் கேளுங்கள், உட்கார்ந்து பதில் சொல்கிறேன். மூச்சுத் திணறினாலோ ரத்தம் கசிந்தாலோ மட்டும் எந்த நேரமானாலும் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். கையிலிருக்கும் சிரிஞ்சை வைத்துவிட்டு ஓடி வருவேன்.