திரை பொய் சொல்லலாமா?

மேனிலைத் தேர்வு முடிவுகள் வந்ததும் பல வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: "கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு எந்த மடிக்கணினி வாங்குவது?" காட்சித் தொடர்பியல், வரைகலை வடிவமைப்பு போன்ற படிப்புகளில் சேருவோர் வீட்டில் இக்கேள்வி இன்னும் பலமாகவே எழும். கையில் இருப்பதோ அளவான பணம். கடைக்காரர் செயலியின் வேகத்தைச் சொல்வார்; கிராபிக்ஸ் கார்டின் பெருமையைச் சொல்வார். திரையைப் பற்றி மட்டும் "15.6 அங்குலம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

வரைகலை பயிலும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் திரையைத்தான் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நீங்கள் முதலில் என்ன செய்கிறீர்கள்? சுழிப்பிழை உள்ளதா என்று பார்க்கிறீர்கள் அல்லவா? கருவியில் பிழை இருந்தால், எவ்வளவு கவனமாக அளந்தாலும் விடை தவறாகவே வரும். நிறங்களோடு பழகும் மாணவருக்குத் திரைதான் அளவுகருவி. அதைப் பார்த்துத்தான் அவர் சிவப்பைக் கூட்டுகிறார், நீலத்தைக் குறைக்கிறார்.

எங்கள் கல்லூரியின் அறிவியல் கண்காட்சிக்கு மாணவி ஒருத்தி சுவரொட்டி தயாரித்தாள். தன் புதிய மடிக்கணினியில் நிறங்கள் மங்கலாகத் தெரிந்ததால், அவற்றைக் கூட்டிக்கொண்டே போனாள். அச்சாகி வந்தபோது படத்திலிருந்த குழந்தைகளின் முகங்கள் எல்லாம் செங்கல் நிறம்! அச்சகத்தார்மீது கோபப்பட்டாள். அதே கோப்பை என் அறையிலிருந்த கணினியில் திறந்து பார்த்தோம். அங்கும் செங்கல் முகங்களே. தவறு அச்சகத்தில் இல்லை என்பது புரிந்தது. மறுபடி அச்சிட்ட செலவு அவள் தந்தையின் சட்டைப் பையிலிருந்துதான் போயிற்று.

திரை ஏன் இப்படி ஏமாற்றுகிறது? சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்தே திரை எல்லா நிறங்களையும் காட்டுகிறது. நிறங்களின் வரைபடத்தில் இம்மூன்றையும் குறித்து இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்த முக்கோணத்துக்குள் அடங்கும் நிறங்களை மட்டுமே அத்திரையால் காட்ட முடியும். கணினிகளுக்கென 1996-இல் முன்மொழியப்பட்ட பொது அளவு எஸ்.ஆர்.ஜி.பி. எனப்படுகிறது. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக 1953-இல் வகுக்கப்பட்ட என்.டி.எஸ்.சி. என்ற பழைய அளவும் விவரப் பட்டியல்களில் இன்னும் காணப்படுகிறது. எஸ்.ஆர்.ஜி.பி. முக்கோணத்தின் பரப்பு, என்.டி.எஸ்.சி. முக்கோணத்தின் பரப்பில் ஏறத்தாழ 72 சதவீதம்.

விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றின் விவரத்தில் "45 சதவீதம் என்.டி.எஸ்.சி." என்றிருக்கும். 45-ஐ 72-ஆல் வகுத்துப் பாருங்கள்; சுமார் 0.62. அதாவது, பொது அளவு முக்கோணத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அத்திரையில் இல்லை!

"சுழிப்பிழையைக் கணக்கிட்டுத் திருத்துவதுபோல் இதையும் திருத்தலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. திரை சற்று நீலமாகவோ மஞ்சளாகவோ காட்டினால், அதற்குரிய கருவிகொண்டு சீர்செய்யலாம். ஆனால் திரையால் உண்டாக்கவே முடியாத சிவப்பை எந்தத் திருத்தமும் வரவழைக்காது. 25 மில்லிமீட்டர் வரை மட்டுமே திறக்கும் திருகு அளவியால் 40 மில்லிமீட்டர் உருளையை அளக்க முடியுமா?

அடுத்து, பார்க்கும் கோணம். 'டி.என்.' வகைத் திரையில் தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ நிறம் மாறிவிடும். 'ஐ.பி.எஸ்.' என்றதும் காவல்துறை அதிகாரி நினைவுக்கு வரலாம், இது வேறு. இவ்வகைத் திரையில் திரவப் படிகங்கள் திரையின் தளத்துக்கு இணையாகவே திரும்புவதால், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால் ஐ.பி.எஸ். என்ற பெயரை மட்டும் நம்பி விடாதீர்கள். அதிலும் 45 சதவீதத் திரைகள் உண்டு.

திரைக்கு அடுத்த இடம் நினைவகத்துக்கு. ஒரு சிறு கணக்கு போடுவோம். ஏ3 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் நிரப்ப 3508 × 4961, அதாவது சுமார் 1.74 கோடி புள்ளிகள் வேண்டும். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 70 மெகாபைட். 20 அடுக்குகள் முழுமையாக நிரம்பினால் 1.4 ஜிகாபைட். இதோடு இயங்குதளம், மென்பொருள், செய்ததை மீட்கும் வசதி எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். 8 ஜிகாபைட் திணறும். 16 இருந்தால் நிம்மதி. இப்போது 8 வாங்கினாலும், பின்னர் கூட்ட வழியிருக்கிறதா என்று கேளுங்கள். சில கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

தனி கிராபிக்ஸ் கார்டு முப்பரிமாண வேலைக்கும் காணொளிக்கும் மிக உதவும், மறுக்கவில்லை. சுவரொட்டி, புத்தக அட்டை, சின்னம் வரையத் தொடங்கும் முதலாண்டு மாணவருக்கு அது இல்லாமலே வேலை நடக்கும். குறைந்த விலையில் அந்த அட்டையைச் சேர்க்கும்போது, பல வேளைகளில் திரையில்தான் சிக்கனம் செய்கிறார்கள். மென்பொருளுக்கும் தொடக்கத்தில் செலவு வேண்டாம். ஜிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன.

"வேகம் குறைந்தால் வேலை கெடாதா?" என்பார்கள். வேகம் குறைந்த கணினி நேரத்தை வீணாக்கும். அது வீணாவது நமக்குத் தெரியும். பொய் சொல்லும் திரை நம் தீர்ப்பையே கெடுக்கும்; அது கெடுவது நமக்குத் தெரியாது. இரண்டாவதே பெரிய தீங்கு.

திரையின் ஒளிக்கலவை வேறு, அச்சு மையின் கலவை வேறு. நல்ல திரையில் கண்டதும் தாளில் அப்படியே வந்துவிடாது. ஆயினும் அறிந்த வேறுபாட்டை நாம் எதிர்பார்த்துச் செயல்படலாம். வீட்டிலிருந்தே படிப்பவர், அதே பணத்தில் மேசைக் கணினியும் நல்ல திரையும் வாங்குவது பற்றியும் யோசிக்கலாம்.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் இரண்டு படங்கள் கொண்டு செல்லுங்கள். ஒன்று, கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாக மாறும் சாம்பல் பட்டை. மற்றொன்று, உங்களுக்கு நன்கு தெரிந்த ஒருவரின் முகம். பட்டையில் கோடுகள் தெரிகின்றனவா, முகம் வெளிறுகிறதா, மேலிருந்து பார்த்தால் மாறுகிறதா என்று பாருங்கள். எஸ்.ஆர்.ஜி.பி. சதவீதம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு திரைகளோடு கணினிகள் வருவதுண்டு. ஆகவே மாடல் எண்ணை முழுமையாகப் பாருங்கள்.

கருவியைச் சோதித்த பின்பே அளவெடுக்க வேண்டும் என்று ஆய்வகத்தில் கற்கிறோம். பெற்றோரின் உழைப்பில் வந்த பணத்தைச் செலவிடும்போதும் அந்தப் பாடம் நினைவிருக்கட்டும்.