அம்மாவின் விசுவாசத்துக்கு என்ன குறை?

அம்மாவுக்கு இருபத்திரண்டு வருஷமாகச் சர்க்கரை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், முட்டைத் தட்டுக்குக் கீழே, இன்சுலின் இருக்கும். விடிந்ததும் வேதவாசிப்பு, ஜெபம், ஊசி, அப்புறம் இரண்டு இட்லி. இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. ஒரு வருஷம் பக்கத்து ஊரில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் நடந்தது. கடைசி இரவு, வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் அம்மாவின் தலையில் கை வைத்து ஜெபித்தார். "சுகம் கிடைச்சாச்சும்மா. இனி அந்த ஊசியைத் தொட்டா ஆண்டவரை நம்பலைன்னு அர்த்தம்" என்றார். அம்மா தொடவில்லை. எங்களிடம் சொல்லவும் இல்லை. பத்தாம் நாள் நினைவு தப்பிய நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் தங்கியது. வலது காலில் ஆறாமல் கிடந்த புண் அதற்குள் முற்றிவிட்டதால் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

கட்டுப் போட்ட காலை அம்மா பார்க்கவே இல்லை. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "ஏலே, எனக்கு விசுவாசம் பத்தலையோ?" என்று கேட்டாள்.

விரல் போன வலியைவிட அந்தக் கேள்வி பெரியது. அதை அவள் மனதில் ஊன்றியது ஒரு தனி மனிதர் மட்டும் இல்லை. ஆண்டவருடைய பிள்ளைக்கு எல்லை என்று ஒன்று கிடையாது, நோயையோ இயலாமையையோ ஏற்றுக்கொள்கிறவர் விசுவாசத்தில் தேறாதவர், தாழ்மை என்ற பெயரில் தோல்விக்குப் போர்வை போர்த்துகிறவர் என்ற போதனை இன்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறது. புதுவருஷ ஆராதனையில் கையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையில்கூட உயர்வு, பெருக்கம், வெற்றி பற்றிய வசனங்களே அதிகம். இந்தப் போதனைக்கு ஆதாரமாகச் சொல்லப்படுபவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

முதல் ஆதாரம், இயேசுவின் தழும்புகளால் குணமானோம் என்று சொல்லும் ஏசாயா 53. சிலுவையில் சுகம் சம்பாதிக்கப்பட்டுவிட்டது, நோய் போகாவிட்டால் நம்பாதது உன் குற்றம் என்கிறார்கள்.

ஆண்டவர் சுகம் தருகிறார் என்று நானும் நம்புகிறேன். இயேசு நோயாளிகளைத் தொட்டுச் சுகமாக்கியதை இந்த அதிகாரத்தோடு மத்தேயுவே இணைத்து எழுதியிருக்கிறார். ஆனால் அதே தழும்பு வசனத்தைப் பேதுரு யாருக்கு எடுத்துச் சொல்கிறார் என்று பாருங்கள். எஜமானிடம் காரணமில்லாமல் அடிபடும் அடிமைகளுக்கு. கிறிஸ்துவும் குற்றமில்லாமல் பாடுபட்டார், அவர் அடிச்சுவட்டில் நடங்கள் என்கிறார். அங்கே குணமாவது பாவத்தால் வழிதப்பிப்போன ஆத்துமா. அடிமையின் முதுகில் அடி விழுவது நின்றுவிடும் என்று அவர் எழுதவில்லை.

இன்னொன்றும் உண்டு. எபேசுவில் பவுலின் உடம்பில் பட்ட கைக்குட்டையைக் கொண்டுபோனாலே நோயாளிகள் எழுந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே பவுல் தம் கூட்டாளி துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனார். எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்தார். அடிக்கடி நோய்வாய்ப்பட்ட தீமோத்தேயுவின் வயிற்றுக்கு, கொஞ்சம் திராட்சரசம் குடிக்கும்படி பவுல் யோசனை சொன்னார். நம் வீட்டுப் பெரியவர்கள் கஷாயம் சொல்வதைப் போன்ற யோசனை அது. உனக்கு விசுவாசம் போதவில்லை என்று இவர்களில் ஒருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை.

பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. அது என்னவென்று அவர் சொல்லவில்லை. ஏன் கொடுக்கப்பட்டது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட தரிசனத்தால் தமக்குப் பெருமை ஏறிவிடக்கூடாது என்பதற்காக. எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டார். முள் எடுபடவில்லை, தாங்கப் போதுமான கிருபை வாக்களிக்கப்பட்டது. ஆக, எல்லை என்பது பெருமைக்கு மருந்தாகவே தரப்பட்டிருக்கிறது. கெத்செமனேயிலும் ஒருவர் மூன்று முறை கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை. அந்த இரவில் இயேசுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

இரண்டாவது ஆதாரம் பிலிப்பியர் 4:13. கிறிஸ்து பலப்படுத்துவதால் எல்லாம் செய்யக்கூடும் என்ற பொருளில் வரும் அந்த வசனம் கார்க் கண்ணாடியில் இருக்கிறது, பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் பேனாப் பெட்டியில் இருக்கிறது. முந்தின இரண்டு வசனங்கள் எங்குமே இல்லை. வயிறு நிறைந்திருக்கவும் பட்டினி கிடக்கவும் கற்றுக்கொண்டேன் என்று காவலில் கிடந்த ஒரு மனிதர் அங்கே எழுதுகிறார். அவர் சொல்லும் 'எல்லாம்' அந்தப் பட்டினியையும் உள்ளே அடக்கியது. அந்தக் காவலின் வாசல் திறக்காவிட்டாலும் அவருக்கு அந்த வசனம் பொய்யாகியிருக்காது.

மூன்றாவது ஆதாரம்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. மருந்தை விடுவதே விசுவாசச் செயல், தண்ணீரில் கால் வைத்தால்தான் நடக்க முடியும் என்பது அது.

இதற்கு வேதத்தில் நேரான பதில் இருக்கிறது, அதுவும் இயேசுவின் வாயிலிருந்தே. தேவாலயத்து உப்பரிகையில் அவரை நிறுத்திய சாத்தான், கீழே குதி என்றான். அதற்கு வாக்குத்தத்தமும் காட்டினான்: தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்னும் 91ஆம் சங்கீதம். சங்கீதம் உண்மையானது, வாக்குத்தத்தமும் உண்மையானது. இயேசு குதிக்கவில்லை. அப்படிக் குதிப்பது ஆண்டவரைச் சோதிப்பது என்றார். கீழே விழுந்தால் அடிபடும் உடம்பை அவர் எடுத்து வந்திருந்தார். அந்த உடம்பின் சட்டத்தை அங்கே அவர் மீறவில்லை. கணையம் வேலை செய்யாத அம்மாவிடம் ஊசியை விடு என்று சொன்னதும் உப்பரிகையில் நிறுத்திக் குதி என்று சொன்னதும் எனக்கு ஒன்றாகவே கேட்கிறது.

பெருமை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் இங்கே தெரிந்துவிடுகிறது. இன்ன தேதிக்குள் இன்னதைச் செய்தாக வேண்டும் என்று ஆண்டவருக்குக் கெடு வைப்பதை விசுவாசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பட்டணத்துக்குப் போவோம், லாபம் பார்ப்போம் என்று உறுதி பேசுகிறவர்களைப் பார்த்து, நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே, இது வீம்பு என்று யாக்கோபு கண்டிக்கிறார். 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று சேர்த்துக்கொள்ளச் சொல்வதும் அவர்தான். அந்த வார்த்தையை அவிசுவாசத்தின் அடையாளம் என்று மேடையிலிருந்து ஒருவர் சொல்லக் கேட்டபோது எனக்கு நெஞ்சு பதறியது.

நான்காவது ஆதாரம் கொஞ்சம் கனமானது. எல்லையை ஏற்பது சோர்ந்துபோவது, கை கட்டி உட்கார்வது என்கிறார்கள். இதற்கு வசனத்தால் மட்டும் பதில் சொன்னால் போதாது. வேலூருக்குப் போக வேண்டும்.

1954இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர்கள் சேர்ந்து வெளியே போன வண்டி விபத்துக்குள்ளானது. அதில் இருந்த மேரி வர்கீஸுக்கு முகம் கிழிந்தது. தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நின்றபடி அறுவை சிகிச்சை செய்யும் நாள் அவருக்கு முடிந்துபோனது. அங்கே தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை வளர்த்துக்கொண்டிருந்தவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்று மேரிக்கு வழி காட்டினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் விரல்களை விரிய வைத்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்று ஒரு துறையை வளர்த்தெடுத்தார். தண்டுவடம் போனவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்கே 1966இல் வந்தது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986இல் இறக்கும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை.

அவர் எல்லையை ஏற்றார், உண்மை. கை கட்டி உட்கார்ந்தாரா? கால் திரும்பி வந்தால்தான் ஊழியம் என்று காத்திருந்திருந்தால் அவ்வளவு விரல்களும் முடங்கியே கிடந்திருக்கும். தாவீதும் இப்படித்தான். ஆலயத்தை நீ கட்ட வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னார். தாவீது அதோடு விலகவும் இல்லை, மீறிக் கட்டவும் இல்லை. மகன் கட்டும் ஆலயத்துக்குப் பொன்னும் இரும்பும் கேதுரு மரமும் சேர்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரையும் சொல்ல வேண்டும். 1931இல் விழுந்து அடிபட்டவர் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறைக்குள் படுக்கையில் இருந்தார். அந்த அறையிலிருந்து புத்தகம் புத்தகமாக எழுதினார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் இருக்கிறது.

வேலூரில் பிராண்ட் கண்டுபிடித்த ஓர் உண்மை என் தாயின் காலோடு சம்பந்தப்பட்டது. தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுடுகிற பாத்திரத்தை வெறுங்கையில் தூக்குகிறார்கள், ஆணி ஏறிய காலோடு நடக்கிறார்கள். சிலருக்கு இரவோடு இரவாக விரல் காணாமல் போனது. தூங்கும்போது எலி கடித்துத் தின்றிருக்கிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். வலி ஆண்டவர் தந்த வரம் என்று பிராண்ட் எழுதினார். இதற்கு மேல் போகாதே என்று உடம்புக்குள் படைத்தவர் போட்ட வேலி அது. சர்க்கரை முற்றினால் கால் அந்த வேலியை இழக்கிறது. அம்மாவுக்கும் அந்தப் புண் வலிக்கவே இல்லை. வலிக்காததைத்தான் சுகம் என்று அந்தப் பத்து நாளும் நம்பியிருந்தாள்.

கடைசியாக ஒரு கேள்வி. இதை எதிர்த்தரப்பார் மட்டும் கேட்பதில்லை, மனசாட்சியுள்ள எவரும் கேட்க வேண்டியது. எல்லையை ஏற்கச் சொல்லித்தானே காலங்காலமாக ஏழையையும் ஒடுக்கப்பட்டவரையும் அடக்கி வைத்தார்கள்? உண்மைதான். வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு கூடங்கள். சாதிக்கு ஒன்றாக உட்கார வைத்து, பீடத்தில் மட்டும் சேரும்படி கட்டினார்கள். நடுச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது அது வேண்டுமென்று வழக்காடியவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. அந்தச் சுவரையும் ஆண்டவர் வைத்த எல்லை என்று சொல்லி மற்றவர்களை அடங்கச் சொன்னால் அது தேவதூஷணம்.

ஆண்டவர் வைத்த எல்லை எல்லாருக்கும் பொது. சாவு, வயது, தூக்கம், பசி, ஒரே நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும் என்பது: இவற்றில் பண்ணையாருக்கும் கூலிக்காரருக்கும் வித்தியாசம் இல்லை. அவரே மனிதனாக வந்தபோது அவற்றை ஏற்றார். சீகார் கிணற்றடியில் களைத்து உட்கார்ந்தார், படகில் அயர்ந்து தூங்கினார். சிலருக்கு மட்டும் வேலி, சிலருக்கு அந்த வேலியால் லாபம் என்றால் அதைப் போட்டது மனிதன். அதை இடிக்க வேண்டும். ஆலயத்தில் பின்னால் தரையில் உட்கார வைக்கப்பட்டவர் எழுந்து முன்னால் வருவதில் பெருமை ஒன்றும் இல்லை. பெருமை, அவரை அங்கே உட்கார வைத்தவர்களுடையது.

அம்மாவின் கேள்விக்கு அன்று ஆஸ்பத்திரியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் எபிரெயர் பதினோராம் அதிகாரத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். விசுவாச வீரர்களின் பட்டியல். முன்பகுதியை எல்லாரும் பிரசங்கிப்பார்கள்: சிங்கத்தின் வாயை அடைத்தவர்கள், ராஜ்யங்களை ஜெயித்தவர்கள். கடைசி வசனங்கள்வரை போனேன். வாளால் அறுப்புண்டவர்கள், கல்லெறியுண்டவர்கள், ஆட்டுத்தோல் போர்த்திக் குகைகளில் அலைந்தவர்கள். வாக்குப்பண்ணப்பட்டதை அடையாமலே போனார்கள், ஆனாலும் விசுவாசத்தில் நற்சாட்சி பெற்றார்கள் என்று அவர்களுக்கும் ஒரே முடிவாக எழுதியிருக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "இதை எங்களுக்கு யாருமே வாசிக்கலையே" என்றாள்.

கட்டுப் பிரித்த பிறகு டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தார். மெத்தென்ற ரப்பரில் செய்தது. தொழுநோயாளிகளின் பாதத்துக்காக பிராண்டும் உடனிருந்தவர்களும் முயன்று பார்த்த வகை. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றார். எங்கள் ஆலயத்தில் எல்லாரும் செருப்பை வாசலில் கழற்றுவார்கள். அம்மா எழுபது வயதுவரை செருப்புக் காலோடு உள்ளே நுழைந்தவள் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் தயங்கி நின்றாள். சபை ஐயர் பார்த்துவிட்டு, "போட்டுக்கிட்டே வாங்கம்மா" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த நீலச் செருப்போடு உள்ளே நடந்து, எப்போதும் உட்காரும் மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கைப்பையில் ஊசி இருந்தது.