சினிமா ஸ்தல யாத்திரை

காசிக்கும் ராமேசுவரத்துக்கும் யாத்திரை போய் வருவது நம் பெரியவர்களின் வழக்கம். இக்காலத்துப் பிள்ளைகள் வேறொரு யாத்திரையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். திரையில் கண்ட இடத்தை நேரில் தரிசித்து வருவதே அது. இந்த ஸ்தலங்களுக்கும் புராணம் உண்டு, பிரசாதம்தான் கிடையாது. அதற்குப் பதிலாகப் புகைப்படம் கிடைக்கிறது.

இதை நாம் பரிகாசம் செய்வதாக நேயர்கள் எண்ண வேண்டாம். சென்ற ஆண்டு நம் மாணவர்களுடன் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போயிருந்தோம். 1995-இல் வெளிவந்த 'பம்பாய்' படத்தில் கல்யாண வீடாகத் தோன்றியது இந்த மகால்தான். கதாநாயகி ஆடிய இடத்தைத் தேடிக்கொண்டு போன பிள்ளைகள், அண்ணாந்து தூண்களைப் பார்த்ததும் வாயடைத்து நின்றார்கள். 1636-இல் எழும்பிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே என்று நாம் சொன்னபோது, காது கொடுத்துக் கேட்டார்கள். சரித்திர பாடத்தால் ஆகாத காரியம் ஒரு சினிமாப் பாட்டினால் ஆயிற்று!

நீலகிரி மலை ரயில் பாதையிலுள்ள கேத்தி ஸ்டேஷனும் அப்படிப்பட்டதே. 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் முடிவில், தம்மை மறந்துவிட்ட பெண்ணின் முன் கதாநாயகன் குரங்குபோல் குதித்துக் காட்டியது இங்கேதான். படத்தை நினைத்துக் கண் கலங்குகிறவர்கள், 1908-இல் உதகமண்டலம் வரை நீண்ட அந்த ரயில் பாதையையும் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால், எல்லா ஸ்தலங்களும் இவ்வளவு சாதுவானவை அல்ல. கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் 'பிசாசின் சமையலறை' என்று பெயரிட்ட குகைகள் இருக்கின்றன. 1991-இல் 'குணா' வெளிவந்த பிறகு அவை 'குணா குகை' ஆகிவிட்டன. பாறைகளுக்கு இடையே செங்குத்தாக இறங்கும் ஆழ்ந்த பிளவுகள் அங்கே உண்டு; பல உயிர்களை அவை விழுங்கியிருக்கின்றன. 2006-இல் கேரளத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர்கள், தடுக்கப்பட்ட பகுதிக்குள் சென்றார்கள். அவர்களில் ஒருவர் பிளவில் விழுந்துவிட்டார். தோழர் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை உயிருடன் மீட்டார். இந்த உண்மைக் கதை 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படமாயிற்று.

அதைப் பார்த்தவர்களுக்குப் பயமல்லவா வந்திருக்க வேண்டும்? வந்ததோ பெருங்கூட்டம்! தடையை மீறி உள்ளே நுழைந்த சில வாலிபர்களை வனத்துறையினர் கைது செய்யவும் நேர்ந்தது. இதில் வேடிக்கை என்னவெனில், அந்தப் படத்தில் கண்ட குகையின் உட்புறத்தில் பெரும்பகுதி, கேரளத்தில் பெரும்பாவூரில் போட்ட 'செட்'!

சினிமாவில் விழுந்தவர் மறுநாளே எழுந்து அடுத்த படத்தில் நடிக்கப் போய்விடுவார். நிஜப் பாறையில் விழுந்தவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. விடுமுறைக்குக் கொடைக்கானல் செல்லும் குடும்பத்தினர், புறப்படுவதற்கு முன்பே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நலம். வேலிக்கு இப்பால், பாறைமேல் பின்னிக் கிடக்கும் மரவேர்களைப் பார்ப்பதற்கே அரை நாள் போதாது.