ஆறு வோல்ட் பக்தர்களுக்கு ஒரு வார்த்தை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பர் என்னைப் பார்த்து மனசு நொந்து கேட்டார்: "அண்ணா, அப்பா வண்டியோட ஆத்மாவையே கொன்னுட்டீங்களே?"

பயப்படாதீர்கள். நான் செய்த கொலை இதுதான். அப்பாவின் 1972-ம் வருஷத்து புல்லட்டில் இருந்த 6 வோல்ட் சமாச்சாரங்களைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் போட்டேன். அவ்வளவுதான்.

புனேவுக்குப் பொட்டி தட்ட வந்து பதினாலு வருஷம் ஆச்சு. இந்த ஊரில் பழைய வண்டிப் பைத்தியங்கள் ஜாஸ்தி. ஞாயிறு காலையில் ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், புல்லட் என்று வரிசை கட்டி நிற்கும். அந்தக் கூட்டத்தில் எனக்குப் பெயர் 'அண்ணா'. தெற்கேயிருந்து வந்த எல்லாருக்கும் இங்கே அதுதான் பெயர். நல்ல மனுஷர்கள். வழியில் வண்டி நின்றால் நாலு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் 'ஒரிஜினல்' என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்துவிட்டால் எல்லாருக்கும் சாமி வந்துவிடும்.

நானும் சாமி ஆடியவன்தான். பத்து வருஷம் ஆடினேன். நின்றது ஒரு ஜனவரி மாத ராத்திரியில்.

பையனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பல்டணிலிருந்து லோணந்த், ஜேஜுரி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பதினோரு வயசு. இருட்டுவதற்குள் வந்துவிடலாம் என்பது கணக்கு, கணக்கு தப்பியது. அந்தப் பக்கமெல்லாம் கரும்புக் காடு. கார்த்திகை பிறந்தால் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்ட குடும்பம் குடும்பமாக வருவார்கள். வெட்டிய கரும்பை மாட்டுவண்டியிலும் டிராக்டர் டிரெய்லரிலும் ஏற்றி ராத்திரியோடு ராத்திரியாக ஆலைக்குக் கொண்டுபோவார்கள். பின்னால் விளக்கு கிடையாது.

எதிரில் ஒரு லாரி. கண் கூசியது, ஆக்ஸிலரேட்டரைக் குறைத்தேன். ரெவ் இறங்கியதும் என் ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி ஆரஞ்சு நிறமாய்ப் போனது. லாரி தாண்டிய அடுத்த நொடி, என் நெஞ்சுக்கு நேராகக் கரும்பு முனைகள். டிரம் பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி கோணலாக நின்றது. ஒரு கை தூரம்தான் மிச்சம்.

வண்டிக்குப் பக்கத்தில் ஓர் அம்மா நடந்து வந்துகொண்டிருந்தார். இடுப்பில் குழந்தை. அவர் செல்போன் டார்ச்சை என் மேல் அடித்துப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த டார்ச் என் ஹெட்லைட்டை விடப் பிரகாசம்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பாதுகாத்துக்கொண்டிருந்தது எதை? யார் உயிரை வைத்து?

சரி, உணர்ச்சிவசப்பட்டது போதும், கணக்குக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான்.

24 வாட் பல்பு 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும். பழைய வயர், தேய்ந்த ஸ்விட்ச், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து வழியில் கால் ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருஷத்து வண்டிக்கு அது அதிகமே இல்லை. 6 வோல்ட் வண்டியில் 1 வோல்ட் வழியிலேயே காலி. பல்புக்குப் போய்ச் சேருவது 5. இழை பல்பு ஒரு விசித்திரப் பிறவி. வோல்ட்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே வயர், அதே துருவோடு 12 வோல்ட்டில் இழப்பது அரை வோல்ட். வெளிச்சம் பதிமூணு பதினாலு சதவீதம்தான் குறையும். தோராயக் கணக்குதான். ஆனால் யார் ஜெயிக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை.

இனி பக்தர்கள் சொல்லும் மூன்று வாதங்கள்.

ஒன்று: "எர்த்தைச் சுத்தம் பண்ணு, புது வயர் போடு, 6 வோல்ட்டே போதும்." இதில் பாதி உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நானும் செய்து பார்த்தேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது பேட்டரியில் 6.3, ஹெட்லைட்டில் 5.2. சுத்தம் செய்த பிறகு 5.8. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ரெவ் இறங்கினால் மறுபடி அகல் விளக்குதான். அப்புறம் நல்ல 6 வோல்ட் பேட்டரிக்கும் பல்புக்கும் நானா பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். 12 வோல்ட் சாமான் எந்தக் கிராமத்து மெக்கானிக்கிடமும் கிடைக்கும்.

இரண்டு: "வின்டேஜ் மதிப்பு போய்விடும்." 2021-ல் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி, சட்டகத்திலும் உடல்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் கூடாது, நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். பத்து வருஷப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படித்தான் வெளியே எடுக்கலாம். அதாவது அரசாங்கமே பிரித்துச் சொல்லிவிட்டது: பார்க்கிற வண்டி வேறு, ஓட்டுகிற வண்டி வேறு. பார்க்கிற வண்டியா? தாராளமாக 6 வோல்ட்டிலேயே வைத்திருங்கள், நானே வந்து கும்பிடுகிறேன். ராத்திரியில் ரோட்டுக்குக் கொண்டுவருகிறீர்களா? அப்போது பேச்சு வேறு. 2017 ஏப்ரலிலிருந்து புது இருசக்கர வாகனங்களில் பகலிலும் ஹெட்லைட் எரிந்தாக வேண்டும் என்று சட்டம். பட்டப்பகலிலேயே நம்மை அடுத்தவன் பார்க்க வேண்டும் என்கிற காலத்தில், ராத்திரியில் திரி விளக்கோடு போவதற்குப் பெயர் பாரம்பரியமா?

மூன்று: "திருவொற்றியூரில் அப்படித்தானே செய்தார்கள்?" ஆமாம் சாமி. அன்றைக்கு இருந்தது அது. செய்தவர்கள் மேல் குறையே இல்லை. பின்னால் அவர்களே 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டார்களே! கோயில் கட்டியவரே மாற்றிய விளக்கை நாம் மாற்றக்கூடாதாம்.

இதற்கு நேர் எதிர்க் கோஷ்டி ஒன்றும் இருக்கிறது. அவர்களையும் விடுவதாக இல்லை. 12 வோல்ட் வந்ததும் 100/90 வாட் பல்பு, கண்ணைப் பிடுங்கும் எல்.ஈ.டி., ஊரைக் கூட்டும் ஹாரன் என்று மாட்டிக்கொண்டு வருபவர்கள். பழைய ஆல்டர்னேட்டர் தருவதே அறுபது வாட்டைச் சுற்றித்தான். நூறு வாட் பல்பு பேட்டரியைக் குடித்துவிட்டு ஸ்விட்சை உருக்கும். இழை பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் கண்ட எல்.ஈ.டி.யைச் செருகினால் வெளிச்சம் ரோட்டில் விழாது, எதிரில் வருகிறவன் கண்ணில்தான் விழும். அன்றைக்கு என்னைக் குருடாக்கிய லாரிக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

நான் செய்தது ரொம்பச் சாதாரணம். ஆல்டர்னேட்டர் மூன்று வயர் வெளியே வரும் பழைய லூகாஸ் வகை. லைட் ஸ்விட்ச் இருக்கும் நிலைக்கேற்பச் சில காயில்களை மட்டும் வேலை வாங்கும் ஏற்பாடு. அதில் இரண்டு வயர்களைச் சேர்த்துவிட்டால் எல்லாக் காயிலும் முழுநேரம் உழைக்கும். ஒரு நல்ல ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரோடு அதே ஸ்டேட்டர் 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்கிறது. பேட்டரி, இக்னிஷன் காயில், ஹாரன், பல்புகள் புதுசு. பாயின்ட்டும் கண்டென்சரும் பழசே. ஹெட்லைட் 35 வாட், பின்னால் சின்ன எல்.ஈ.டி., இக்னிஷனுக்கு இருபது வாட் சுமார். எல்லாம் அறுபதுக்குள் அடக்கம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். இது இல்லாமல் ஓட்டாதீர்கள், பழைய வயர் உரசினால் வண்டி எரியும். எந்த முனை எர்த் என்பதையும் முதலில் பாருங்கள். பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். தெரியாமல் மாட்டினால் புது ரெக்டிஃபையர் அங்கேயே சமாதி.

சட்டகத்தில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. அம்மீட்டர், பைலட் விளக்குகள் எல்லாம் அதே இடத்தில். பழைய ஹார்னெஸ், செலீனியம் ரெக்டிஃபையர், ஹாரன் மூன்றும் பிஸ்கட் டப்பாவில் சீட்டு ஒட்டிப் பரணில் இருக்கின்றன. நாளைக்கு என் பையனுக்கு 6 வோல்ட் ஆசை வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் திருப்பிப் போட்டுவிடலாம். மொத்தச் செலவு ஆறாயிரத்துக்குள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் பயம் வந்தது. தஞ்சாவூருக்குப் போன் போட்டேன். அப்பா மின்வாரியத்தில் இருந்து ரிடையர் ஆனவர். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏன்டா, இத்தனை வருஷமா அந்த வெளிச்சத்துலயா பேரனை உக்கார வச்சு ஓட்டினே?"

"ஒரிஜினலா இருக்கட்டும்னுதாம்ப்பா..."

"என்னத்த ஒரிஜினல்? எங்களுக்கு வேற கிடைக்கல, அதை வச்சு ஓட்டினோம். அப்ப ராத்திரி ரோட்டுல ஆளே கிடையாது. பிரேக் லைட் எரியுதா பாரு மொதல்ல."

எரியவில்லை. ஸ்விட்ச் வயரை மாட்ட மறந்திருக்கிறேன்.