வரி குறைந்தது சரி, காற்று?

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு சந்தோஷம்தான். வரிக்கு முன் ஒரு டயர் 5,000 ரூபாய் என்றால், நான்குக்கும் சேர்த்து 2,000 ரூபாய் மிச்சம். ஆனால் காற்று பார்க்காமல் ஓட்டினால், மிச்சம் பிடித்ததை டயரே தின்றுவிடும். பணம் போனால் போகட்டும், உயிர்?

எங்கள் ஸ்ரீரங்கத்தில் பல வீடுகளில் கார் நிற்கும், ஓடாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். பெரியவர்கள் மாதம் ஒரு தடவை திருச்சிக்கு டாக்டரிடம் போய் வருவதோடு சரி. 'ஓடாத வண்டிக்கு என்ன ஆகப்போறது?' என்பார்கள். நின்ற இடத்திலேயே மாதம் ஒன்றிரண்டு பாயிண்ட் காற்று இறங்கத்தான் செய்யும். லீவுக்குப் பேரன் பேத்திகள் வந்ததும் அதே காரில் ஆள் கொள்ளாமல் ஏறி, பெட்டிகளையும் திணித்து, சென்னை ரோட்டில் 100 கி.மீ. வேகம்! காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. அதில் சூடேறி, உள்ளே இருக்கும் அடுக்குகள் பிரிந்து வெடிக்கிறது. 'வெயில் காலம், காத்தைக் குறைச்சு வைங்க' என்று யோசனை சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குறைத்தால் சூடு கூடுமே தவிர குறையாது.

இதன் விலையை அமெரிக்கா பார்த்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் டயர் பிய்ந்து, வண்டி உருண்டு, 200 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். டயரில் கோளாறு என்றார் கார்க்காரர். நீங்கள் 26 பாயிண்ட் போதும் என்று சொன்னதுதான் கோளாறு என்றார் டயர்க்காரர். அதன் பிறகு வந்த சட்டத்தால், காற்று குறைந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும் கருவி அங்கே புதுக் கார்களில் கட்டாயமாயிற்று.

நம் அரசு என்ன செய்தது? 2020 அக்டோபர் முதல், ட்யூப்லெஸ் டயரும் அந்தக் கருவியும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் கொடுத்தால் காருக்கு ஸ்டெப்னி வேண்டாம் என்று விதியைத் திருத்தியது. டிக்கியில் இடம் மிச்சம். ஆனால் பக்கச்சுவர் கிழிந்தால் கிட் உதவாது. ராத்திரி விராலிமலை தாண்டி நடுரோட்டில் நிற்கும் குடும்பத்துக்கு அந்த மிச்ச இடத்தால் என்ன பிரயோஜனம்? புதுக் கார் வாங்கும்போது 'ஸ்டெப்னி உண்டா?' என்று நாமே கேட்டுவிடுவது நல்லது. (ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டில் அந்தச் சக்கரம் செய்த கடை இருந்த தெருவின் பெயராம். அந்தத் தெருப் பெயரைத்தான் நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!)

பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. குடிதண்ணீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி எல்லாம் அதே விதியில் உண்டு. இங்கே ஒரு பங்க்கில் 'மெஷின் ரிப்பேர்' அட்டை மாதக்கணக்கில் தொங்குகிறது. இன்னொன்றில் '33 வைப்பா தம்பி' என்றால், 'எல்லாக் காருக்கும் 35தான்மா வைப்பேன்' என்று பதில். பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு! அந்த எண்ணை நான் கற்பனையில் சொல்லவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிறது. ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். டயரின் மேல் அச்சடித்திருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு, அதை வைக்கக்கூடாது. மறுத்தால் புகார் புத்தகம் கேளுங்கள், அதுவும் பங்க்கில் இருந்தாக வேண்டும். 'நைட்ரஜன் போடுங்க மேடம்' என்று காசு கேட்டால் அவசரப்பட வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான கணக்கு. ஓடிய சூட்டில் இரண்டு மூன்று பாயிண்ட் கூடக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கிவிடாதீர்கள். டயரின் இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் அதிகம். இதற்கு மெக்கானிக் வேண்டாம், வாசலில் கோலம் போடும்போதே தெரியும். ஸ்டெப்னி இருக்கிற வண்டி என்றால், டிக்கி சாமானை எடுத்து வைத்து அதற்கும் காற்று பிடிக்கச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.